ஃப்ளைவீலில் எங்கே கடையலாம், எங்கே கை வைக்கக் கூடாது

சொந்தமாகக் கார் கட்டுகிறவர்களோடு உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைப்பதற்கு வந்துவிடும். இன்ஜினின் முனையில் அதோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புத் தட்டுதான் ஃப்ளைவீல். கார்புரேட்டரை மாற்றக் காசு வேண்டும், கேம் ஷாஃப்டைக் கடைய விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். ஃப்ளைவீலுக்கு ஒரு லேத்தும் அரை நாளும் இருந்தால் போதும் என்று எல்லோருக்கும் தோன்றுகிறது. கோயம்புத்தூரில் லேத்துக்குப் பஞ்சமா என்ன? தெருவுக்கு நாலு பட்டறை இருக்கிறது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று நினைத்தேன். காருக்குள் மனிதனுக்கு இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு வேகமாகச் சுற்றுகிற கனமான இரும்பு வேறு கிடையாது. அதை ஒல்லியாக்குவது தப்பே இல்லை, ஆனால் எந்த இடத்தில் ஒல்லியாக்குகிறோம் என்பது தெரியாமல் தொடக் கூடாது.

இங்கே நான் பேசப்போவது நண்பர் ஒருவர் கட்டிக்கொண்டிருக்கும் காரை வைத்து. குழாய்களை வெல்டு செய்த சேஸிஸ், சீட்டுக்குப் பின்னால் மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் 796 சிசி இன்ஜின், அதோடு வந்த கியர்பாக்ஸ். டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கான வண்டி. எங்கள் ஊருக்கு இந்தக் கூட்டணி புதிதில்லை. எஸ். கரிவரதன் 80களின் பிற்பகுதியிலேயே இதே இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து, நடுத்தர வீட்டுப் பையன்களையும் சென்னைக்குப் பக்கத்தில் இருந்த சோழவரம் பந்தய டிராக்குக்கு வர வைத்தவர். 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். கோயம்புத்தூர் செட்டிபாளையத்துப் பந்தய டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நண்பர் கார் கட்ட ஆசைப்பட்டதற்கும் அந்த டிராக்தான் காரணம்.

சரி, ஃப்ளைவீல் எதற்கு இருக்கிறது? பிஸ்டன்களின் தள்ளலைச் சுற்றலாக மாற்றும் தண்டுதான் கிராங்க். மூன்று சிலிண்டர் இன்ஜினில் அது 240 டிகிரி திரும்பினால் ஒரு வெடிப்பு. இரண்டு வெடிப்புக்கு நடுவே கிராங்கைத் தள்ள ஆள் இல்லை. அந்த இடைவெளியில் சுற்றலை விடாமல் இழுத்துக்கொண்டு போவது ஃப்ளைவீலின் வேலை. கிளட்ச் அதன் முகத்தில்தான் உட்காருகிறது, ஸ்டார்ட்டர் மோட்டார் கடிக்கும் ரிங் கியரும் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது.

இதில் எடையைவிட முக்கியம், அந்த எடை நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. தூரம் இரண்டு மடங்கானால் சுற்றுவதற்கான எதிர்ப்பு நாலு மடங்காகும். பானை வனைகிறவர்களின் சக்கரத்தில் ஓரத்தைக் கனமாக வைப்பது இதற்காகத்தான், ஒருமுறை கோலால் சுற்றிவிட்டால் அது பாட்டுக்குச் சுற்றும். நாம் செய்ய நினைப்பது அதற்கு நேர் எதிர். அப்படியென்றால் கடைய வேண்டிய இடமும் ஓரம்தான். நடுவிலிருந்து 11 சென்டிமீட்டர் தூரத்தில் ஒன்றரைக் கிலோ எடுப்பதும், 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஏழேகால் கிலோ எடுப்பதும் ஒன்றுதான். கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றிக் குடைந்து எடை குறைத்தேன் என்று யாராவது சொன்னால், கிடைத்த லாபம் சொற்பம், கெடுத்தது வீலின் மிக முக்கியமான இடம்.

அந்த ஒன்றரைக் கிலோவால் வண்டிக்கு என்ன கிடைக்கிறது? முதல் கியரில் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து 15-க்கு 1, அதாவது இன்ஜின் 15 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 27 சென்டிமீட்டர். ஓரத்தில் எடுத்த ஒன்றரைக் கிலோ, முடுக்கத்தில் வண்டியிலிருந்து 56 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். ஒரு ஆளே இறங்கிப் போன மாதிரி. டாப் கியருக்கு வாருங்கள், மொத்த விகிதம் 4-க்கு 1 என்றால் அதே ஒன்றரைக் கிலோவின் பலன் வெறும் 4 கிலோ. அதாவது முதல், இரண்டாம் கியர்களில் கை மேல் பலன், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. இன்ஜினின் குதிரைத்திறன் ஒரு துளியும் கூடிவிடாது. சில பட்டறைகளில் "அஞ்சு ஹெச்பி ஏறும்" என்று சொல்வார்கள். டைனோவில், அதாவது இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரத்தில், வண்டியை முடுக்கிக்கொண்டே அளக்கும்போது சுற்றும் எடை குறைந்திருந்தால் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அவ்வளவுதான்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. கீழ் கியருக்கு மாற்றும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டினால் ஆர்பிஎம் சட்டென்று ஏறி கியரோடு சேர்ந்துகொள்ளும். மேல் கியருக்குப் போகும்போது சட்டென்று இறங்கும். டிராக்கில் ஓட்டுகிறவனுக்கு இது உண்மையான சுகம், லேப் நேரத்திலும் தெரியும். ஆனால் தினமும் ஆபீஸ் போகிற வண்டியில் இதைச் செய்யாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகமான ஐடில் நடுங்கும், சிக்னலில் கிளட்ச் விடும்போது அணைந்து அணைந்து போகும். குன்னூர் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது கனமான ஃப்ளைவீல்தான் உங்கள் நண்பன். மூன்று சிலிண்டர் இன்ஜினில் இந்தத் தொல்லை நாலு சிலிண்டரைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இனி ஆபத்துக்கு வருவோம். கணக்குக்காக 25 சென்டிமீட்டர் விட்டம், 6 கிலோ எடையுள்ள ஒரு வீலை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 7,000 சுற்று என்றால் அதன் ஓரம் நொடிக்கு 91 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 330 கிலோமீட்டர்! பழைய ஆலை இன்ஜின்களில் ஆரக்கால் வைத்த பெரிய வார்ப்பிரும்புச் சக்கரங்களுக்கு நொடிக்கு 30 மீட்டர் என்று உச்ச வரம்பு வைத்திருந்தார்கள். நம் வீல் ஆரக்கால் இல்லாத முழுத்தட்டு, அதனால்தான் அதைப் போல மூன்று மடங்கைத் தாங்குகிறது. அந்த வேகத்தில் அதற்குள் அடைந்திருக்கும் ஆற்றல் சுமார் 12,600 ஜூல். 650 கிலோ மாருதி 800 ஒன்றைத் தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும் ஆற்றல் இது. வீல் உடைந்தால் அது முழுவதும் இரண்டு, மூன்று துண்டுகளில் வெளியே வரும். கிளட்சைச் சுற்றி இருக்கும் அலுமினிய பெல் ஹவுசிங் அதைத் தடுக்காது.

உடையுமா? சுற்றும்போது வீல் தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொள்கிறது. நடுவில் ஓட்டை உள்ள தட்டில் அந்த இழுவிசை உச்சத்தில் இருப்பது நடு ஓட்டையின் விளிம்பில். மேலே சொன்ன வீலுக்கு 7,000-இல் அது சுமார் 49 மெகாபாஸ்கல் வருகிறது. எஃப்ஜி 200 தர வார்ப்பிரும்பு என்றால் சோதனைத் துண்டு 200 மெகாபாஸ்கல் வரை தாங்க வேண்டும். நாலு மடங்கு பாதுகாப்பு இருக்கிறதே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். கிராங்க் போல்ட் ஓட்டைகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. எந்த ஓட்டையின் ஓரத்திலும் இழுவிசை இரண்டு, மூன்று மடங்காக ஏறும். 49 என்பது அங்கே நூறைத் தாண்டிவிடும். அதற்கு மேல் கிளட்ச் தேய்ந்து வரும் சூடு, அந்தச் சூடு ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் வரும் இழுப்பு, பழைய வார்ப்புக்குள் இருக்கும் காற்றுக்குழிகள். வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, நேராக விண்டுபோகும்.

ஆர்பிஎம் கூடினால் இழுவிசை அதன் இருமடியாகக் கூடும். ஆர்பிஎம் எல்லை தாண்டாமல் இன்ஜினை அடக்கும் ரெவ் லிமிட்டர் இருக்கிறதே என்பார்கள். நாலாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போட நினைத்து முதல் கியரில் விழுந்தால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். லிமிட்டரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நொடி 9,000 தொட்டாலும் இழுவிசை 65 சதவீதம் கூடிவிடும். ஓட்டுகிறவர் திட்டமிடும் உச்ச வேகத்துக்கு வீலைச் செய்தால் போதாது, அவர் தவறும் நொடிக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால், சுற்றிலும் ஓட்டை ஓட்டையாகத் துளைத்து எடை குறைப்பதை நான் ஏன் அறவே எதிர்க்கிறேன் என்பது புரியும். பார்க்க அழகாக இருக்கும், பந்தயக் கார் மாதிரி இருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் விரிசல் பிறக்கத் தோதான இடம். அதே எடையை லேத்தில் வட்டமாகக் கடைந்து எடுத்தால் அந்தக் கேடு இல்லை.

எங்கள் வேலைக்கு உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இருந்து இரண்டு வீல் வாங்கினோம். ஒன்றின் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகள். கிளட்ச் வழுக்கி வழுக்கிச் சூடேறிய அடையாளம் அது. அந்த இடம் கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், சுற்றியிருக்கும் இரும்பு அப்படி இருக்காது. முகத்தில் கடைசல் கொடுத்தாலும் அந்தத் திட்டு மேடாகவே நிற்கும். இன்னொன்று பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. இரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, சிவப்புச் சாயம் பூசினோம். கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரை அடிக்க வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் கசிந்து சிவப்புக் கோடாக வரும். சுத்தமாகத் தெரிந்த வீலில்தான் வந்தது. ஒரு போல்ட் ஓட்டையிலிருந்து கிளம்பி மயிரிழை போல வெளியே போகும் கோடு, ஒரு விரல் அகலம்கூட இல்லை. எங்களுக்கு லேத் வேலை செய்துதரும் டர்னர் அண்ணா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைய யாருக்கும் வித்துப்போடாதீங்க தம்பி. உடைச்சு பவுண்டரிக்குப் போடுங்க" என்றார். நீலத் திட்டு வீலையும் ஒதுக்கிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து கழற்றிய நல்ல வீல் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். கூடக் கொஞ்சம் காசு ஆனது. சாயச் சோதனைக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான், அதைத் தவிர்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

கடைவதற்கு முன் வீலைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. மூன்று சிலிண்டர் இன்ஜின்கள் சிலவற்றில் வேண்டுமென்றே ஒரு பக்கம் எடை வைத்திருப்பார்கள். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் அப்படித்தான். அதை வழித்துவிட்டால் இன்ஜின் ஆட்டம் போடும். இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலில் இருக்கும். டைமிங் குறியும் இருக்கலாம். ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃப்ளைவீல் என்றால் லேத் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

லேத்தில் வீலை மாட்டும்போது ரிங் கியரின் பல்லைச் சக்கில் பிடிக்கக் கூடாது. கிராங்கில் உட்காரும் நடு ஓட்டைதான் ஆதாரம், ஏனென்றால் இன்ஜினில் அதை வைத்துத்தான் வீல் சுற்றப்போகிறது. அண்ணா அந்த ஓட்டைக்குச் சரியாக ஒரு மாண்ட்ரல் கடைந்து, அதில் வீலை ஏற்றி, கிராங்க் போல்ட் ஓட்டைகள் வழியாகவே முறுக்கினார். பிறகு கிளட்ச் முகத்தில் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துக் கையால் ஒரு சுற்று. முள் ஆடியது 0.05 மில்லிமீட்டருக்குள். 0.1-ஐத் தாண்டினால் கழற்றித் துடைத்து மறுபடி மாட்ட வேண்டும், ஒரு துளித் தூசி போதும் அவ்வளவு ஆட.

கடைந்தது பின் முகத்தை, அதாவது இன்ஜினைப் பார்க்கும் பக்கத்தை. முதல் வெட்டில் மேல்தோல் கரகரவென்று சத்தம் போடும், அதற்குப் பிறகு வழவழப்பாகிவிடும். வார்ப்பிரும்புக்குக் கூலன்ட் தேவையில்லை. கருப்புத் தூளாக, மையைத் தொட்ட மாதிரி கையில் ஒட்டும், அந்தக் கருப்புக்குக் காரணம் இரும்பில் இருக்கும் கிராஃபைட். அண்ணா ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே காற்றுக்குழி திறந்தால் அந்த வீலின் கதை அங்கேயே முடிந்தது. எங்களுக்குத் திறக்கவில்லை. ரிங் கியர் உட்காரும் தோளையும், கிளட்ச் தட்டை வீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகள் பிடிக்கும் இடத்தையும், நடுவே கிராங்கைச் சுற்றியுள்ள பகுதியையும் தொடவில்லை. இந்த மூன்றுக்கும் இடையில் இருக்கும் வளையத்தில், ஓரத்தை ஒட்டிய பக்கமாக எடுத்தோம். கிளட்ச் உரசும் பகுதிக்குப் பின்னால் 12 மில்லிமீட்டர் கனத்தை விட்டுவைத்தோம். அந்தக் கனம்தான் சூட்டை உள்வாங்குகிறது, மெலிந்தால் முகம் வட்டில் போல வளைந்து கிளட்ச் பிடிக்காது.

கனமான இடம் மெல்லிய இடத்தோடு சேரும் மூலைதான் நான் அண்ணாவிடம் திரும்பத் திரும்பப் பேசிய விஷயம். கூரான டூலால் சதுர மூலையாக வெட்டினால் அங்கேயும் விரிசலுக்கு வழி விட்டாயிற்று. "அதுக்குத்தானுங்க டூலையே உருட்டி வெச்சிருக்கறேன்" என்று காட்டினார். நுனி வளைந்த டூல், மூலையில் 4 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைவு. கடைசி வெட்டு மிக மெல்லியதாக, டூல் கோடு தெரியாத அளவுக்கு. அதற்கு மேல் எமரி ஷீட்.

கிளட்ச் முகத்தைச் சீவ வேண்டி வந்தால் ஒன்றை மறக்கக் கூடாது. முகத்துக்கும் பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்புக்கும் சில வீல்களில் ஒரு படி இருக்கும். முகத்தில் எவ்வளவு எடுத்தோமோ அவ்வளவு விளிம்பிலும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிளட்சின் பிடி மாறிவிடும்.

அடுத்தது பேலன்ஸிங். எங்கள் ஊரில் பம்ப் மோட்டார் ரோட்டர்களை பேலன்ஸ் செய்யும் பட்டறைகள் இருப்பதால் இதற்கு அலைய வேண்டியதில்லை. ஓரத்தில் 10 கிராம் ஒரு பக்கம் கூடிவிட்டால் 7,000-இல் அது 60 கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பாக மாறி, நொடிக்கு 117 முறை கிராங்க் பேரிங்கைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். ஜி 6.3 என்ற பேலன்ஸ் தரம் வேண்டும் என்று கேட்டோம். நாலரைக் கிலோ வீலுக்கு அந்த வேகத்தில் அனுமதி, ஓரத்தில் மூன்றில் ஒரு கிராம்தான். முதலில் வீலைத் தனியாக, பிறகு பிரஷர் பிளேட்டை மாட்டிச் சேர்த்து. இரண்டிலும் பெயிண்டால் ஒரே இடத்தில் குறி போட்டுவிட வேண்டும், அடுத்த முறை கிளட்ச் மாற்றும் மெக்கானிக் அதே இடத்தில் மாட்டுவதற்கு. எடையைச் சரிக்கட்டச் சிறு துளை போடத்தான் செய்வார்கள். ஓட்டை கூடாது என்று மேலே சொன்னேன், இங்கே மட்டும் விலக்கு: ஓரத்தின் கனமான பகுதியில், ஆழமில்லாமல், மறுபக்கம் வராமல், விளிம்பு மழுக்கி.

இத்தனை செய்தாலும் உடையவே உடையாது என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் வண்டியில் வீலின் தளத்தைக் கண்டுபிடியுங்கள். வீல் சுற்றும் தட்டையை நாலாபக்கமும் நீட்டினால் அது எதன் வழியாகப் போகிறது? துண்டுகள் அந்தத் தளத்தில்தான் பறக்கும். நண்பரின் காரில் இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கிறது, ஆகவே தளம் முன்பின்னாகப் போகிறது. ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தோம். சீட்டின் ஒரு ஓரம், பெட்ரோல் பைப், பின் பிரேக் பைப் மூன்றும் அதே கோட்டில். பைப்புகளை நண்பர் அரையடி தள்ளிக் கொண்டுபோனார். சீட்டை நகர்த்த முடியாது, அதனால் பெல் ஹவுசிங்கைச் சுற்றி 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் வளையமாக ஒரு கவசம் செய்து, அலுமினிய ஹவுசிங்கில் மாட்டாமல் சேஸிஸ் குழாயில் போல்ட் அடித்தார். அமெரிக்காவில் டிராக் ரேஸ்காரர்கள் இதில் ரொம்பக் கண்டிப்பு. அங்கே பந்தயப் பாகங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பில் ஃப்ளைவீலுக்கும் கிளட்சுக்கும் 1.1 என்றும், துண்டுகளைத் தடுக்கும் பெல் ஹவுசிங்குக்கு 6.1 என்றும் தனித் தரங்கள் இருக்கின்றன. உடைந்து பறக்கும் துண்டுகளிலிருந்து ஆட்களைக் காப்பதற்கான விதிகள் இவை. கவசத்தால் நாம் எடுத்த எடை வண்டியில் திரும்ப ஏறிவிட்டதே என்று ஒருவர் கேட்டார். ஏறியது, ஆனால் அது சுற்றாத எடை. முதல் கியரில் 15-இன் இருமடியாகப் பெருகுவது இன்ஜினோடு சுற்றும் எடை மட்டும்தான்.

மாட்டும்போது கிராங்க் போல்ட் புதிது. பழையதைத் துடைத்துப் போட வேண்டாம். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், இழை மசகு இல்லாமல் துடைத்து போல்ட் கழறாமல் பிடிக்கும் லாக்டைட் பசை, குறுக்கு வரிசையில் மூன்று கட்டமாக முறுக்கு. மாட்டிய பிறகு மறுபடி டயல் கேஜ், இந்த முறை இன்ஜினிலேயே.

அப்படியே 7,500, 8,000 ஆர்பிஎம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வார்ப்பிரும்பைக் கடைவதை விட்டுவிடுங்கள். ஈஎன் 8 எஃகிலேயே முழுசாக ஒரு வீல் செய்துகொள்ளுங்கள், முடிந்தால் ஃபோர்ஜ் செய்த ஈஎன் 24-இல். அடர்த்தி வார்ப்பிரும்பைவிடக் கொஞ்சம்தான் கூட, தாங்கும் திறனோ மூன்று மடங்குக்கு மேல். ரிங் கியரைச் சுமார் 200 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கினால் தானே இறுகிக்கொள்ளும், அதற்கு மேல் சூடேற்றினால் பல்லின் கடினம் போய்விடும். செலவு பல மடங்கு ஆகும்.

நண்பரின் வண்டியில் லிமிட்டரை 6,500-இல் வைத்திருக்கிறார். 7,000-த்தோடு பார்த்தால் வீலுக்கு வரும் இழுவிசையில் 14 சதவீதம் குறைகிறது, அந்த இன்ஜினுக்கு அதற்கு மேல் மூச்சும் இல்லை. ஐடிலைக் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டியிருந்தது. செட்டிபாளையத்தில் ஓட்டிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் பெல் ஹவுசிங்கின் அடி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கிறார். அடுத்த கிளட்ச் மாற்றும்போது வீலை வெளியே எடுத்து மறுபடி சாயம் பூசிப் பார்க்கப் போகிறோம், முதலில் அந்த மூலை வளைவை, அப்புறம் போல்ட் ஓட்டைகளை.